சூயஸ் கால்வாய் வழியே வந்த விமானம்

ராயபுரத்தில் பிறந்தவர்களில் ஆகாய விமானத்துக்கு சூயஸ் கால்வாய் வழியாகப் பாதை போட்ட ஒரே மனிதர் நூல்கண்டுதான்.

துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற குமாஸ்தா அவர். நானும் அதே ஆபீஸ். யாராவது இரண்டு ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், சட்டைப் பையிலிருந்து நூல் வெளியே வரும். தூரம் அளக்க மேஜையிலிருக்கும் பூமி உருண்டையைச் சுற்றிக்கொள்ளும்; பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். ஒருநாள் சிட்னியிலிருந்து நியூயார்க்குக்கு நீட்டினார். மிச்ச நூல் என் தயிர்சாதத்தில் ஊறியது.

"யார் சிட்னி போறாங்க?" என்று கத்தினேன்.

"யாரும் போவல. தெரிஞ்சி வெச்சிக்கினா இன்னா தப்பு?"

அந்தச் சமயத்தில்தான் மீன் விற்கும் அஞ்சலை தந்தியோடு ஓடிவந்தாள். கப்பலில் வேலை பார்த்த அவள் மகன் கோவிந்தன் லண்டனில் கால் முறிந்து கிடந்தான். செவ்வாய்க்கிழமை விமானத்தில் பம்பாய்க்கும், அங்கிருந்து மீனம்பாக்கத்துக்கும் அனுப்புகிறார்களாம்.

"எப்ப வருவான் சார்? காலு ஒடிஞ்ச புள்ள அங்க ஆளில்லாம நிக்கக்கூடாது."

"வியாழக்கிழமை" என்றேன். மெட்ரிக் பாஸ் செய்தவன் நான்; மூன்றாவது தடவையில்.

நூல்கண்டு ஜிப்ரால்டரைச் சுற்றி, சூயஸில் நுழைந்து, ஏடனில் முடிச்சுப் போட்டார். "சனிக்கெழம."

"ஐயா, பிளேனுக்கு எதுக்கு கால்வாய்? நேரா பறக்கும்!"

"நேரா பறந்தா வழி தெரியாம பூடுவான் சார். ஏடன்ல தண்ணி புடிக்க வேணாவா?"

நான் தலையைப் பிய்த்துக்கொள்ள, அஞ்சலை அவர் பக்கம் சாய்ந்து என்னை முறைத்தாள். "போன தபா மழ வராதுன்னு நீதான சார் சொன்னே? என் கருவாடு மொத்தம் ஊறிப்போச்சி."

அவளிடம் கெஞ்சிக் கூத்தாடி, வியாழக்கிழமை லீவு போட்டு, அவளை எலெக்ட்ரிக் ரயிலில் மீனம்பாக்கம் அழைத்துப்போனேன். விமானம் அன்றே வருகிறது என்றார்கள். நூல்கண்டு முகத்தில் எப்படிக் கரி பூசுவது என்று நான் யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தால், அவரே அங்கே குந்திக்கொண்டிருந்தார். புதன்கிழமையே வந்துவிட்டாராம்.

"சனிக்கிழமைன்னீங்களே!"

"கணக்கு சனிக்கெழமதான். புள்ள முன்னாடி வந்துட்டா?"

பக்கத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய கைரிக்ஷா. இருக்கையிலிருந்து முன்னால் ஒரு பலகை நீட்டிக் கட்டியிருந்தது. மேலே வைக்கோலும் மடித்த சாக்கும்.

"இது எதுக்கு?"

"கட்டு போட்ட காலு மடங்குமா? ரயில் கும்பல்ல எப்பிடி சார் இட்டுகினு போவே?"

கிழமைக் கணக்கெல்லாம் பார்த்த நான் அந்தக் காலைப் பற்றி யோசிக்கவே இல்லை.

கோவிந்தன் வந்தான். அஞ்சலை அழுது முடித்ததும் அவனைப் பலகையில் கால் நீட்டி உட்காரவைத்தோம். நூல்கண்டு முன்னால் இழுத்தார். நான் பின்னால் தள்ளினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்று, அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். கிண்டி வருவதற்குள்ளேயே எனக்கு மூச்சு வாங்கியது.

"மெதுவா வா சார். இன்னா அவசரம்?" என்றார்.

எனக்கும் அவசரமில்லை.