மலையைப் பார்க்க வர வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் பத்திரிகையும் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் ஏதோ இருக்கிறோம். என் தம்பியின் மலைக் கவிதைகளை மாதாமாதம் வெளியிடும் தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. வரும் ஞாயிறு புகைப்படக்காரரோடு வந்து கவிஞரையும் மலையையும் சேர்த்துப் படம் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வர வேண்டாம். கவிஞர் இருக்கிறார். மலைதான் இல்லை.

தம்பி இடுப்புக்குக் கீழே விளங்காமல் படுத்த பிறகுதான் வீட்டுக்குப் பின்னால் கல்குவாரி வந்தது. அவன் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மலையைப் பார்த்து வந்து சொல்ல நான் ஒருவன்தான். நானோ குவாரியில் லாரி டிரைவர். அந்த மலையில் பாதியை நானே ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டியிருக்கிறேன். தம்பிக்கு மாத்திரை அதில்தான் வருகிறது. இதை எந்த வாயால் அவனிடம் சொல்வது? சாயங்காலமானால் "மலை எப்படிண்ணே இருக்கு?" என்பான். "அதுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கு" என்பேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒருநாள் அவன் முகம் வாடியிருக்கிறதே என்று ஒரு மானை அவிழ்த்துவிட்டேன். மறுநாளிலிருந்து மலையை விட்டுவிட்டு மானை விசாரிக்க ஆரம்பித்துவிட்டான். அதற்குக் குட்டி பிறந்து, குட்டிக்குக் கால் ஒடிந்து, இப்போது நான்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடுக்கோடையில் வாய் தவறி ஓர் அருவியை விட்டேன்; அடைக்க முடியவில்லை. தினமும் மத்தியானம் வெடி வைக்கிறார்கள். அது இடி என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவன் மேகமில்லாத வானத்தில் இடி முழங்குவதாக எழுத, உங்கள் வாசகர் ஒருவர் அது ஆன்மாவின் குரல் என்று இரண்டு பக்கம் விளக்கியிருந்தார். சார், அது வெடிமருந்து சார்.

சின்ன வயசுல பார்த்ததெல்லாம் அவனுக்கு அப்படியே இருக்கு. எந்தப் பாறையில பாசி, எந்தப் பக்கம் காத்துன்னு எல்லாம் சொல்லுவான். நான் புளுகுறதை அதுமேல ஏத்திக் கட்டிக்கிறான். அவன் நெஞ்சுல கல்தூசு அடைச்சிருக்கு, இந்த மழைக்காலம் தாண்டாதுங்கிறார் டாக்டர். சளின்னு சொல்லியிருக்கேன். அவன் கண்ணை மூடுற வரைக்கும் அந்த மலை நிக்கணும் சார். நீங்க கேமராவைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னு "எங்க மலை?"ன்னு கேட்டீங்கன்னா அவன் அன்னைக்கே போயிடுவான். எனக்கு இருக்கிறது ஒரே தம்பி.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு என் ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
கவிஞரின் அண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது குவாரியில் வெடிக்கு முன் ஊதும் சங்கு ஊதியது. வழக்கமாக அந்நேரம் நான் லாரியில் இருப்பேன். இன்று வண்டி பழுது. சங்கு ஊதினால் இந்தத் தெருவில் எல்லோரும் தூசு விழாமல் சோற்றை மூடுவோம். உள்ளே எட்டிப் பார்த்தேன். தம்பி தலைமாட்டில் இருந்த தண்ணீர் டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தான். பதற்றமே இல்லை, பழகின கை. வெடித்தது. தூசு அடங்கியதும் கையை எடுத்தான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான். "இன்னைக்கு இடி பலம்ணே. மான்குட்டி பயந்திருக்குமா?" என்றான்.

ஞாயிறு அவசியம் வாருங்கள். மலை ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அது அவனுக்குத் தெரிய வேண்டாம். கேட்டால், மான்குட்டிக்குக் கால் தேறிவிட்டது என்று சொல்லுங்கள்.