மாடிப் பெட்டிக்கு நான் வைத்த சொல்

கடல் தாண்டிப் போய் பெரிய உத்தியோகம் பார்க்கும் என் செல்லப் பேத்திக்கு, உன் அப்பாவைப் பெற்றவள் உச்சி முகர்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, உன் அம்மா, கடையில் வேலை செய்கிறவர்கள், நீ வாங்கி வைத்துவிட்டுப் போன இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகள் எல்லோரும் சுகம். பெட்டிகளின் சுகத்தில் மட்டும் நடுவில் ஒரு கோளாறு வந்து தீர்ந்தது. அதைத் தெரிவிக்கவே இக்கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நீ "ம்... ம்... அப்புறம் பாட்டி" என்னும்போது பின்னால் நீ டைப் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. கடிதம் என்றால் படித்து முடிக்கிற வரையிலாவது உன் இரண்டு கையும் இதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

நீ லீவில் வந்தபோது செய்த ஏற்பாடு உனக்கு நினைவிருக்கும். கீழே நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெட்டி, அது வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும். கண்ணாடி தேய்க்கிற தூசி ஆகாது என்று இன்னொரு பெட்டியை மாடியில் என் அறையில் வைத்தாய், அது ஊரார் கண் பவரையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கும். கீழ்ப்பெட்டிக்குத் தானாக ஒன்றும் தெரியாது, எதற்கும் மாடிப் பெட்டியைத்தான் கேட்க வேண்டும். என் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நீ சொன்னாய்: "பாட்டி, பெரிய ஆபீஸ்ல டொமைன்னு ஒண்ணு இருக்கும். அது வீட்டுப் பெரியவர் மாதிரி. 'இவன் நம்ம ஆளு, உள்ள விடு'ன்னு அது சொன்னா எல்லாப் பெட்டியும் கேட்டுக்கும். நம்ம கடைக்கு அது இல்ல. அதனால ரெண்டு பெட்டிலயும் ஒரே பேரு, ஒரே கடவுச்சொல் வச்சிருக்கேன். கீழ இருக்கிறது வந்து பேரையும் சொல்லையும் சொல்லும். தன்கிட்டயும் அதே சொல்தான் இருக்கான்னு மேல இருக்கிறது பாக்கும். சரியா இருந்தா கதவு திறக்கும்." பெரியவர் இல்லாத வீடா என்று கேட்டேன். ஆமாம் என்றாய். பெரியவள் நான் ஒருத்தி இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே, என்னை யார் கேட்டார்கள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அப்புறம் அந்தச் சொல்லை என் காதில் சொல்லி, "கரண்ட் போய் வந்தா நீதான் பெட்டியைப் போட்டு விடணும். சொல்லை யாருகிட்டயும் சொல்லக் கூடாது" என்றாய். இந்த வீட்டில் என்னை நம்பி ஒரு பொறுப்பு கொடுத்தது உன் தாத்தாவுக்குப் பிறகு நீதான்.

இப்படியிருக்க, போன மாதம் ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. பெட்டியைப் போட்டேன். சொல்லை அடித்தேன். "கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது, மாற்றவும்" என்று வந்தது. நீ அதற்குத் தமிழ் போட்டுக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. மாத்திரைதான் காலாவதியாகும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், சொல்லும் ஆகிறது. நான் ஐந்தாம் வகுப்புதான், ஆனால் அந்த ஐந்திலும் முதல் ரேங்க். பயந்து ஓடுகிறவள் இல்லை. ஒரு சொல் வைத்தேன், சின்னதாக இருக்கு என்றது. இன்னொன்று வைத்தேன், எண் எங்கே என்றது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த மாதிரி நொட்டை சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒன்றை ஏற்றுக்கொண்டது. நீ சொன்னபடி அதை ஒரு ஈ காக்கைக்குக்கூடச் சொல்லவில்லை. உன் அப்பாவுக்கும் சொல்லவில்லை, கீழ்ப்பெட்டிக்கும் சொல்லவில்லை.

அவ்வளவுதான், கீழே குய்யோ முறையோன்னு ஆயிடுச்சு. கீழ்ப்பெட்டி பழைய சொல்லையே சொல்லிச் சொல்லிக் கதவைத் தட்டுது, மாடிப் பெட்டி யார் நீன்னு கேட்குது. அப்பா ஓடி வந்தான், பில் போடுற பொண்ணு வந்தா, கண்ணாடி தேய்க்கிறவர் கைத்தூசியோட வந்தார், பின்னாலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர். அவருக்கு நான் ஒயர்க்காரர்னு பேர் வச்சிருக்கேன், எதுக்கெடுத்தாலும் ஒயரை மாத்துறார். பழைய ஒயரைப் பிடுங்கிப் புது ஒயர் போட்டார், அப்புறம் புதுசைப் பிடுங்கிப் பழசைப் போட்டார். "அம்மா, இதை யாராவது தொட்டீங்களா?"ன்னு கேட்டார். "தினமும் துடைக்கிறேன்"னேன். பொய்யா? உன் அம்மா, "அத்தை, இத்தனை பேருக்கு டம்ளர் பத்தாதே"ன்னா. அலமாரியில பூட்டி வச்சிருந்த நல்ல டம்ளரை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். என் கட்டில்ல உட்கார்ந்து டீ குடிச்சிட்டே அந்தப் பொண்ணு சுவத்துப் படத்தைப் பார்த்து, "இது யாரு பாட்டி, இவ்வளவு முடி!"ன்னு கேட்டா. உன் தாத்தாவைப் பத்தி ஒருத்தர் கேட்டு எத்தனை காலமாச்சு. கதையை நான் முழுசா சொன்னேன், அந்தப் பொண்ணு முழுசா கேட்டா. அடுத்த நாளும் வந்தாங்க. அதுக்கடுத்த நாளும். அந்த அறை வாசல்ல அத்தனை செருப்பை நான் பார்த்ததே இல்ல.

அப்புறம் ஒரு நாள் தையல்காரர் ஒருத்தர் சுவத்தைத் தடவித் தடவி மாடி ஏறி வந்தார். கண்ணாடி உடைஞ்சு போச்சாம். "என் பவரு இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்குன்னாங்கம்மா. ஊசியில நூல் கோக்க முடியல"ன்னு அந்தப் பெட்டியைப் பார்த்துக் கும்பிடாத குறையா நின்னார். அதே நேரம் ஒயர்க்காரருக்கும் புத்தி வந்து, "கடவுச்சொல்லை யாராவது மாத்தினீங்களா?"ன்னார்.

"அது கேட்டுது, மாத்தினேன்."

"ஏன்மா சொல்லல?"ன்னு அப்பா கத்தினான்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் பேத்தி உத்தரவு. நீ மாத்தினியான்னு இதுவரைக்கும் யாரு கேட்டீங்க? தொட்டியான்னுதானே கேட்டீங்க?"

ஒயர்க்காரர் கையில இருந்த ஒயரைக் கீழ போட்டுட்டார். அவர் காதுல மட்டும் சொல்லைச் சொன்னேன். கீழ போய் அந்தப் பெட்டியிலயும் அதையே வச்சார். டீ ஆறுறதுக்குள்ள எல்லாம் சரியாயிடுச்சு. தையல்காரர் பவரு கிடைச்சுது. அத்தனை பேரும் ஒரே ஓட்டமா இறங்கிப் போயிட்டாங்க. டம்ளர்ல பாதிப் பாதி டீ. நான்தான் கழுவி வச்சேன்.

இப்போது உன் அப்பா, மாடிப் பெட்டியையும் கீழே கொண்டுபோய்க் கண்ணாடித் தடுப்புக்குள் வைக்கப் போகிறானாம். "அம்மாவுக்கு எதுக்குத் தொல்லை"ன்னு உன் அம்மாகிட்ட சொல்லிட்டிருந்தான். என்கிட்ட சொல்லல. எனக்கும் சம்மதந்தான். பெட்டியா அது, சனியன். மத்தியானம் எல்லாரும் கடையில இருக்கும்போது அது பாட்டுக்கு உர்ருன்னு முனகும். ரெண்டு மூணு தடவை "என்ன?"ன்னு கேட்டுத் தொலைச்சிட்டேன். பின்பக்கமா சூடு வேற விடும், முழங்காலுக்கு இதமா இருக்கேன்னு நாற்காலியை அங்க இழுத்துப் போட்டதோட சரி, மத்தபடி ஒரு உபயோகமும் இல்ல. போகட்டும். உன்னைக் கேட்காமல் அவன் அதை அசைக்க மாட்டான். அதனால் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி நீ அவனுக்குச் சொல்லிவிடு. எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நீயும் வேலையை விட்டுவிட்டு இதற்காக வர வேண்டாம்.

தலையைத் துவட்டாமல் படுக்காதே. கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்காதே, கீறல் விழும், கண்ணாடிக் கடைப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ நினைத்ததெல்லாம் நடக்க, நீ தொட்டதெல்லாம் துலங்க ஆசீர்வதிக்கும்,

ஐந்தாம் வகுப்பில் முதலாவதாகத் தேறிய உன் பாட்டி.

பின்குறிப்பு: மேலே எழுதினதை எல்லாம் விட்டுவிடு. கவரை ஒட்டப் போகும்போது பெட்டி ஒரு மாதிரி முனகிற்று. மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தினால் சொல்லை நாமே மாற்றலாம் என்று அன்று கீழே இறங்கும்முன் ஒயர்க்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஜன்னல் வழியா எட்டி, கடை வாசல்ல கண்ணாடிக்குன்னு ஒருத்தரும் நிக்கலைன்னு பார்த்துட்டுத்தான் மாத்தினேன். கண்ணு தெரியாம யாராவது வந்து நின்னா சொல்லிடுவேன், நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரி இல்ல. அதுவரைக்கும் ஒயர்க்காரர் காதுலகூட சொல்றதா இல்ல. அப்பா உனக்குப் போன் பண்ணுவான். பெட்டியை நீ வந்துதான் இறக்கணும், வேற யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லு. எப்ப வரேன்னு மட்டும் சொல்லாதே, அவசரமில்லாம வா. இதோ மாடிப்படியில செருப்புச் சத்தம் கேட்குது. ரெண்டு பேர், இல்ல, மூணு பேர். நல்ல டம்ளரை முன்னாடியே எடுத்து வச்சிட்டேன்.