இன்று முதல் நான் இடது கைக்காரன்

"இன்று முதல் நான் இடது கைக்காரன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியிடம் அறிவித்தேன். ஐம்பத்தாறு வயதில் ஒருவன் வீடு மாறலாம், கட்சி மாறலாம். கை மாறுவதற்குத் தைரியம் வேண்டும்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதுக்காம்?"

"மூளைக்கு நல்லது. பத்திரிகையில போட்டிருக்கான். பழகாத கையால வேலை செஞ்சா மூளையில தூங்கிட்டிருக்கிற பாதி முழிச்சுக்குமாம்."

"உங்களுக்கு முழிச்சிட்டிருக்கிற பாதி எது?"

"கிண்டல் பண்ணாதே. வாட்ச்சைக்கூட வலது கைக்கு மாத்திட்டேன், பாரு."

"பார்த்தேன். தலைகீழா கட்டியிருக்கீங்க."

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் அப்படி எதுவும் போடவில்லை. வாட்ச்சை இடது மணிக்கட்டில் கட்ட வலது கை உழைக்க வேண்டும். பட்டையைப் பக்கிளுக்குள் விட்டு, கம்பியை ஓட்டையில் நுழைக்க வேண்டும். முப்பது வருடம் யோசிக்காமல் செய்த வேலை. சில மாதங்களாகக் கம்பி ஓட்டையைத் தேடியது, ஓட்டை கம்பியைத் தேடியது, இரண்டும் சந்திக்கவே இல்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் மாதிரி ஆகிவிட்டன. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு பத்து நிமிடம் போராடுவேன். வெளியே வந்தால், "வாட்ச் கட்டினீங்களா, வாட்ச் செஞ்சீங்களா?" என்பாள்.

எனக்கு நூலகத்தில் வேலை. புத்தகங்களின் முதுகில் ஒட்டும் சீட்டில் எண் எழுதுவேன். என் எழுத்து தானாகவே சிறுத்துக்கொண்டு வந்தது. முதலில் பெருமைதான், சீட்டில் இடம் மிச்சமாகிறதே என்று. ஒரு நாள் பக்கத்து மேஜைக்காரர் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய், "சார், இது எண்ணா, எறும்பா?" என்றார். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

அவளிடம் ஏன் சொல்லவில்லை? பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அவள் காதில் விழுந்துவிட்டால் அது நோய். என்னோடு இருக்கும்வரை வெறும் கை. யாரும் கவனிப்பதற்குள் இடது கையைத் தயார் செய்துவிட்டால் பிழைத்தேன். இதுதான் என் மகா திட்டம்.

திட்டத்தில் ஒரு ஓட்டை. என் மனைவி இருபத்துநாலு வருடமாக ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. அன்று மாலையே ஒரு இரட்டைக் கோடு நோட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"எழுதுறதுன்னா ஒழுங்கா எழுதிப் பழகுங்க. இடது கையால ஒரு பக்கம். அப்புறம் வலது கையால ஒரு பக்கம்."

"வலது எதுக்கு? அதான் ரிட்டையர் ஆயிடுச்சே."

"இடது எவ்வளவு முன்னேறியிருக்குன்னு எதை வச்சுப் பார்க்கிறது?"

நியாயமாகத்தான் பட்டது.

"தேதி போடுங்க."

போட்டேன்.

'இன்று வானம் தெளிவாக இருக்கிறது.' வாரம் ஒரு முறை, இரண்டு கையாலும், பக்கம் நிறைய அதே வாக்கியம். இடது கைப் பக்கத்தை மட்டும் உட்கார்ந்து பார்ப்பாள். "உங்க 'ளி' போன வாரம் படுத்துக் கிடந்தது. இன்னிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கு" என்று பாராட்டுவாள். வலது கைப் பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். ஒரு வாத்தியாரம்மாவையே ஏமாற்றுகிறோமே என்று எனக்குள் ஒரு சின்ன கர்வம். அந்த நாட்களில் அவள் எனக்கு ஊற்றித் தரும் தேநீர் டம்ளர் முழுசிலிருந்து முக்காலாகி, பிறகு பாதியானது. சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோராவது வாரம் சனிக்கிழமை, "கண்ணாடி மாத்தணும், கூட வாங்க" என்றாள். போனேன். இறங்கிய இடத்தில் இருந்த பலகையை இரண்டு முறை படித்தேன்.

"ஏய், இவர் நரம்பு டாக்டர்."

"கண்ணுக்கும் நரம்பு இருக்கு. உள்ளே வாங்க."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். "வாங்கம்மா. இந்தத் தடவை அழைச்சிட்டே வந்துட்டீங்களா?"

இந்தத் தடவை!

அவர் ஒரு கோப்பைத் திறந்து, என் வலது கைப் பக்கங்களின் நகல்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். முதல் தாளில் வானம் தெளிவாக இருந்தது. போகப் போக எழுத்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசித் தாளில் வானத்தையே காணோம்.

விரலைத் தட்டச் சொன்னார், தட்டினேன். நடக்கச் சொன்னார், நடந்தேன். "நடக்கும்போது வலது கை வீசவே இல்லை, கவனிச்சீங்களா?" என்றார். நான் எங்கே கவனித்தேன்? கவனித்தவள் பக்கத்தில் இருந்தாள். பிறகு ஒரு நீளமான பெயர் சொன்னார். "மாத்திரையால கட்டுக்குள்ள வச்சுக்கலாம். முழுசா குணமாயிடும்னு பொய் சொல்ல மாட்டேன்."

மருந்துக் கடைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"வாட்ச் கட்டுறதுக்கு நீங்க கதவைத் தாழ் போட ஆரம்பிச்சப்போ."

"கேட்டிருக்கலாமே?"

"கேட்டா கைக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்வீங்க. அப்புறம் அந்தப் பொய்யைக் காப்பாத்தவே உங்களுக்கு நேரம் சரியாயிருக்கும்."

என் வலது கையை எடுத்து மடியில் வைத்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டாள். இப்போது அழுவாள் என்று காத்திருந்தேன். ஆறுதலாக இரண்டு வாக்கியம்கூட யோசித்து வைத்திருந்தேன். அவள் கண் காய்ந்து கிடந்தது.

"உனக்கு அழுகையே வரலையா?"

"ரெண்டு பேரும் ஒரே சமயத்துல அழுதா வீட்டை யார் பார்க்கிறது? நான் முன்னாடியே அழுது முடிச்சிட்டேங்க. இனிமே உங்க முறை."