தம்பியின் மெமரி கார்டு

அரியலூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி கிளமெண்டுக்கு,

அக்கா அனிதா மேரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் ஒருவாறு நலம். நீ நல்ல சுகத்தோடும் முழு ஆயுளோடும் இருப்பதாக நம்புகிறேன். எல்லாக் கடிதத்திலும் வருகிற வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே. இந்த முறை அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஏலாக்குறிச்சியிலிருந்து நம் பங்காளிகள் யாராவது உனக்குப் போன் செய்து, நீ "ஹலோ" என்றதும் அலறிப் போனை வைத்துவிட்டால், பயப்படாதே. முதலில் இதைப் படி. வாட்ஸப்பில் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய் என்பதால், வெள்ளிக்கிழமை மஸ்கட் வருகிற பிரேம்குமாரிடம் முறுக்கோடு சேர்த்து இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவுக்கு வருகிற பதினேழாம் தேதி முதல் வருடப் பூசை. பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு அட்டை அடிக்க வேண்டும். அதற்குப் படம் வேண்டும். அப்பா படத்துக்கு நிற்கமாட்டார், உனக்கே தெரியும். யாராவது கேமராவைத் தூக்கினால், கிணற்று உருளையில் மாட்டி நகம் போன ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுவார். மிஞ்சியது வாக்காளர் அட்டைப் படம் ஒன்றுதான். அதில் அவர் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்ன மாதிரி இருக்கிறார். அதைக் காட்டினேன். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். "நீ சிங்கப்பூர்லேர்ந்து மொத லீவுக்கு வந்த கிறிஸ்மஸ்ல கேமராவுல சிரிச்சாரே, அந்தப் படந்தான் வேணும்" என்று உன்னிடம் பேசுவது போலவே என்னிடம் சொல்கிறாள். "அவ்ளோ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. இந்த வோட்டு கார்டு மூஞ்சி வேணாம்டி. நெனைச்சா இதுதான் வருது. அது மறந்து போவுது." இதைச் சொன்னபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அதனால் அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கண்ணுக்குத்தான் புரை எடுத்திருக்கிறது. அந்த ஒரு கண்ணால் அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டும் என்கிறாள். ஒரு படத்தை எடுத்துத் தருவது என்ன பெரிய வேலை என்று நினைத்து, பரணிலிருந்து உன் கேமராப் பையை இறக்கினேன். இறக்கியதிலிருந்து எனக்கு நல்ல நாள் என்று ஒன்று இல்லை.

சார்ஜருக்கு மூன்று பட்டை முள். நம் வீட்டில் அது நுழைய ஒரு துளை கிடையாது. அதற்கு ஒரு அடாப்டர் வாங்கினேன். மாட்டினால், அடாப்டரின் கனத்துக்குச் சுவரிலிருந்து மொத்தமும் தொங்கிக் கீழே விழும். அம்மாவின் பூசைப் புத்தகத்தை முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். ராத்திரி முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது. காலையில் பார்த்தால் பேட்டரி கொழுக்கட்டை போல வீங்கியிருக்கிறது. புதிது வாங்கலாம் என்று பெரம்பலூரில் கல்லூரி முடிந்து கடை கடையாக ஏறினேன். "இந்த மாடலுக்கு வராதுங்க", "இதுக்குப் பொருந்தாதுங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பொருந்தாது என்ற சொல்லை எனக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்துக்குப் பிறகு இத்தனை பேர் வாயால் கேட்டது இப்போதுதான். கடைசியில் திருச்சியில் ஒருவர் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்து ஒன்றைக் கொடுத்தார். உள்ளே போயிற்று, ஆனால் ஒரு நூல் வெளியே நின்றது; மூடி மூடவில்லை. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். கேமரா கண்ணைத் திறந்தது. அந்த ஒரு நிமிடம் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. திரையில் சீன எழுத்தில் ஒரு கேள்வி, கீழே இரண்டு கட்டம்.

அதை எப்படிப் படிப்பது? என் போனை அதன்மேல் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னேன். "அட்டை ஆயத்தமாக இல்லை. தூய்மைப்படுத்தவா? ஆம். இல்லை." என்று வந்தது. தூய்மை என்றால் உள்ளே இருப்பதெல்லாம் துடைத்துப் போய்விடும் என்கிற அளவுக்கு எனக்கு அறிவு உண்டு. கேமராவை அப்படியே ஒதுக்கி வைத்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "என்ன கேக்குது?" என்றாள். சொன்னேன். "தூய்மதானே பண்றேங்குது? நல்லதுதானடி. பாவம், ஆமான்னு சொல்லேன்" என்றாள். "அம்மா, ஆமான்னா அப்பா போயிடுவாரும்மா" என்றேன். வாயை விட்டுப் போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

சரி, கேமராவே வேண்டாம், அட்டையை மட்டும் உருவிக் கம்ப்யூட்டரில் போடுவோம் என்று ஒரு கார்டு ரீடர் வாங்கினேன். அதில் நான்கு வாய். நான்கிலும் உன் அட்டை நுழையவில்லை. அந்த வகை அட்டை செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். கேமராவிலிருந்து நேராக ஒயர் மாட்டலாமே என்றால், அந்தக் கேமராவின் வாய் எந்த ஒயரும் பார்த்திராத வாய். உன் பையில் அந்த ஒயர் மட்டும் இல்லை. பிறகுதான் அரியலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் ராசாங்கத்திடம் மொத்தப் பையையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய சாமான்கள் நிறைய வைத்திருப்பவர். கூட்டம் இருந்தது. "மெமரி கார்டு போட்டோ எடுத்துக் கொடுங்க, பதினேழாம் தேதி மொத வருசப் பூசைக்கு வேணும்" என்றேன். என் பெயர், அம்மா பெயர், விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டு, "வச்சிட்டுப் போங்க டீச்சர்" என்றார். நான் நூலகர்தான், ஆனால் கல்லூரிக்குப் போகிற பெண் எல்லாம் அவருக்கு டீச்சர்.

இங்கேதான் தம்பி, நீ கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள். மெமரி கார்டு என்றால் எனக்குக் கேமரா அட்டை. ராசாங்கத்துக்கு, பூசைக்கு அடிக்கிற அட்டை. நம்மவர்கள் எல்லாரும் அவரிடம் அப்படித்தான் கேட்பார்களாம்: "முப்பதாம் நாளைக்கு இருநூறு மெமரி கார்டு." உன் பையில் பெயர் ஒட்டியிருந்தாய். அந்தப் பையின் உள் அறையில் வேறு ஒரு கேமராவின் அட்டையும் கிடந்திருக்கிறது. அது அவர் கம்ப்யூட்டரில் ஒழுங்காக நுழைந்திருக்கிறது. அதில் பிரேம்குமார் கல்யாணத்துக்கு இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, நீ. மறுநாள் நான் பெரம்பலூர் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது ராசாங்கம் போன் செய்தார்.

"டீச்சர், பேரு கிளமெண்டுதானுங்களே? பையில எழுதியிருக்கு."

"ஆமாங்க, என் தம்பி" என்றேன், கேமரா யாருடையது என்று கேட்கிறார் போல என்று.

"எந்த வருசமுங்க?"

"ரெண்டாயிரத்து எட்டுங்க."

"அடப்பாவமே. எப்படிங்க போச்சு?"

"கொஞ்ச நாளாவே சரியில்லீங்க. ராத்திரி பூரா கண்ணு செவப்பாவே எரிஞ்சுது. அப்புறம் வீங்கிப்போச்சு."

"வீங்கிடுச்சுன்னா கஷ்டந்தான். வெளியில எங்கயும் காட்டலீங்களா?"

"திருச்சியில காட்டுனேங்க. மாத்தித்தான் ஆவணும்னாங்க. மாத்தியும் பாத்தாச்சு, பொருந்தல."

அவர் 'ச்சு' கொட்டினார். பிறகு, "மனச விட்டுறாதீங்க டீச்சர்" என்றார். ஒரு கேமராவுக்காக இவ்வளவு வருத்தப்படுகிற மனிதர் இந்த ஊரில் இருக்கிறாரே என்று நான் நெகிழ்ந்துபோனேன். அப்பா போனபோதுகூட யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

அடித்த அட்டைகளைக் கட்டாகக் கட்டி, கேமராப் பையோடு அவரே வீட்டில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்மா கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, அங்கே வந்திருந்த மரிய ஆல்பர்ட் சித்தப்பாவிடம், "ஊருக்குத்தானே போறீங்க, இதையும் எடுத்துட்டுப் போங்க" என்று பாதியைப் பிரித்து அப்படியே கொடுத்துவிட்டாள். சித்தப்பா ஏலாக்குறிச்சி பஸ்ஸில் உட்கார்ந்து கட்டைப் பிரித்திருக்கிறார். உன் சிரித்த முகம். மீளாத் துயரில் தாய் செபஸ்தியம்மாள், அக்கா அனிதா மேரி. தோற்றம் இரண்டாயிரத்து எட்டு. மறைவு, போன வருடம் பதினேழாம் தேதி. அந்தக் கணக்குப்படி உனக்குப் பதினேழு வயது, முன்வழுக்கையோடு. நூலகர் என்ற முறையில் சொல்கிறேன், எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. சித்தப்பா பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அழுதாராம். நீ போய் ஒரு வருடமாகியும் பங்காளிகளுக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டோம் என்று கோபம் வேறு. நான் வீடு திரும்பிப் போனை எடுப்பதற்குள் ஏலாக்குறிச்சியில் சாமியானா பேசியாயிற்று. உனக்கு இரவல் கொடுத்த குக்கரைப் பற்றிப் பன்னிரண்டு மாதமும் பேசுகிற சிந்தாமணி அத்தை, "தங்கமான புள்ள, குக்கரு என்ன குக்கரு" என்று மாரில் அடித்துக்கொண்டாளாம். உயிரோடுதான் இருக்கிறான், போன வாரம்கூடப் பேசினான் என்று நான் சொன்னதும், அந்தப் பக்கம் மாரடிப்பு நின்றது. அப்புறம் அத்தை, "அப்ப அந்தக் குக்கர எப்பத்தான் குடுப்பானாம்?" என்றாள்.

நீ சிரிப்பாய். நானும் அன்றைக்குச் சிரித்தேன். ஆனால் சாயங்காலம் அம்மா அந்த அட்டையில் ஒன்றை நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "நம்ம கிளமெண்டா இது?" என்றாள். ஆமாம் என்றேன். "இவனாச்சும் சிரிச்சிருக்கான்" என்று கொடுத்துவிட்டாள். எனக்கு அதற்குமேல் முடியவில்லை. அம்மா, வோட்டு கார்டு படத்தையே போட்டுடலாமா என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "போடு" என்றாள். இந்த ஒரு சொல்லை உனக்குச் சொல்லத்தான் இத்தனை பக்கம். அம்மாவோடு நாற்பத்தைந்து வருடமாக இருக்கிறேன். அவள் ஒன்றை இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. இனி ஒயர், ரீடர் எதையும் அங்கிருந்து வாங்கி அனுப்பாதே. கேமராவைத் திரும்பப் பரணில் போட்டுவிடப் போகிறேன். அப்பா முகம் மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும். எனக்கும்தான் மறக்கிறது. இருமல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தொப்பி போடு. மாதா உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். இங்கே இருநூறு அட்டையில் வேறு மாதிரி அச்சாகியிருப்பதை அவள் கண்டுகொள்ளாமல் இருக்கட்டும். ஞாபகார்த்தமாக உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா,
அனிதா மேரி.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதில் பாதியை அடித்துவிடு. பரணில் கேமராவை வைக்க ஏறியபோது போன கிறிஸ்துமஸ் ஸ்டார் கிடந்தது. அதை மூங்கிலில் சேர்த்துக் கட்டியிருந்த கயிறு கயிறே இல்லை. உன் கேமரா ஒயர். வருடா வருடம் அம்மா அதில்தான் கட்டியிருக்கிறாள். கல்லூரி இயற்பியல் லேபில் இருக்கும் வெற்றிச்செல்வியிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் அட்டையை வெளியே எடுத்துவிட்டு, கேமராவை மட்டும் மாட்டினாள். கேமராவுக்குள்ளேயே கொஞ்சம் இடம் இருக்குமாம். அட்டை இல்லாமல் எடுத்த படம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அந்த அட்டை ஒருநாளும் எதையும் பார்த்ததில்லை, தம்பி. புது அட்டை. ஆயத்தம் பண்ணிக்கொள்ளட்டுமா என்றுதான் பாவம் அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அம்மா சொன்ன மாதிரி ஆமான்னு சொல்லியிருக்கலாம்.

உள்ளே ஒரே ஒரு படம் இருந்தது. அந்தக் கிறிஸ்துமஸ்தான். நீ, நான், அம்மா, குடில் பக்கத்தில். மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம். அப்பா இல்லை. மேல் மூலையில், படத்தில் கால்வாசியை மறைத்துக்கொண்டு, மங்கலாக ஒரு விரல். நகம் இல்லாத விரல்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சும்மா கையில் கொடுத்தேன். நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இதான், இதான்" என்றாள். "அப்பா எங்கம்மா இருக்காரு?" என்றேன். "எதுத்தாப்புலதானடி நிக்கிறாரு. சிரிக்கிற சிரிப்பப் பாரு, கேமராவே ஆடுது" என்றாள்.

ஆகவே இந்தப் படத்தைத்தான் கொடுத்திருக்கிறேன். ராசாங்கத்துக்கு இந்த முறை போனில் எதுவும் சொல்லவில்லை. படத்தின் பின்புறம் பேனாவால் எழுதியே கொடுத்துவிட்டேன்: படத்தில் இருப்பவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். இறந்தவர், படம் எடுத்தவர்.