கோட்டைக் கதவுக்காக ஒரு நிச்சயதார்த்தம்

சரித்திர நாவல் எழுதுகிற தங்கையிடம் கல்யாண வேலை எதையும் ஒப்படைக்கக் கூடாது. இது எங்கள் வீட்டில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம். காரணமே நான்தான் என்பதால் எதிர்த்து வாக்களிக்க வழியில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. படிப்பு முடிந்து, வேலையில் சேரச் சொல்லும் மின்னஞ்சலுக்காகக் காத்திருந்த நேரத்தில் நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். குறுநில மன்னன் மகள், எதிரி நாட்டு இளவரசனைக் காரியத்துக்காக மணக்கிறாள். பிறகு இருவருக்கும் காதல் வரும். (எந்த அத்தியாயத்தில் என்று எனக்கே தெரியாது.)

அதே வாரம் கயல் அக்காவுக்கு நிச்சயம். பதினோரு வரன்களைத் தட்டிக்கழித்தவள், அடையாறு பிரபுவைப் பார்த்த அன்று மட்டும், யாரும் கேட்காமலே இரண்டு முறை அவர் பெயரைச் சொன்னாள். இது கலைந்துவிடக் கூடாதே என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரே பயம் பிரபுவின் அம்மா. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சிரித்ததற்கு எங்கள் பக்கம் சாட்சி கிடையாது.

சபையில் வாசிக்கும் லக்னப் பத்திரிகையை டைப் செய்யும் பொறுப்பு எனக்கு. செய்து முடித்ததும் ஒரு யோசனை. என் இளவரசிக்கும் மண ஒப்பந்தம் வேண்டுமே? அந்த ஃபைலையே நகலெடுத்து, ஆரம்பத்தை அப்படியே விட்டு, கீழே ஷரத்துகளைச் சேர்த்தேன். பெயர்களை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மயிலாப்பூர் ஜெராக்ஸ் கடையில் எந்த ஃபைலைக் கொடுத்தேன் என்பது உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்கு தி.நகர் மண்டபத்தில்தான் புரிந்தது.

வாசித்தவர் பெரியப்பா, தலைமை ஆசிரியராக இருந்தவர். கையில் கொடுத்த தாளை முடிக்காமல் வைக்க மாட்டார். "நிகழும் மங்களகரமான" என்று கணீரென்று தொடங்கி, தாத்தா பெயர்களையெல்லாம் தாண்டி, அதே குரலில் போனார்.

"செல்வி கயல்விழிக்கும் செல்வன் பிரபுவுக்கும் நிகழும் இம்மணம் அன்பினால் அன்று, வடக்குக் கோட்டைக் கதவைத் திறக்கும் பொருட்டேயாம். மணமகள் அழைக்கும்வரை மணமகன் அந்தப்புரத்துள் நுழையலாகாது. மீறினால் நூறு யானைகள்..."

யானையில்தான் பெரியப்பாவுக்கே சந்தேகம் வந்தது.

"பேச்சுவார்த்தைல யானையே வரலையே?" என்றார் பிரபுவின் மாமா.

அக்கா முகம் மேக்கப்பையும் மீறி வெளுத்தது. நான் பந்திப் பக்கம் நகர்ந்தேன். அம்மா என் தாவணியைப் பிடித்து இழுத்தாள். "எங்கடி ஓடுற? வந்து சொல்லு."

சொன்னேன். இளவரசி, ஃபைல், ஜெராக்ஸ் கடை எல்லாவற்றையும், சபை நடுவில் நின்று.

பிரபுவின் அம்மா கையை நீட்டித் தாளை வாங்கினார். கடன் விண்ணப்பம் பார்ப்பதுபோல் வரிவரியாகப் படித்தார்.

"அவனுக்குக் கதவு. இந்தப் பொண்ணுக்கு என்ன லாபம்?"

"அவ நாட்டுக்குத் தண்ணி வரும் ஆன்ட்டி. ஆறு அவங்க பக்கம் இருக்கு."

"அதை எழுதி வாங்கலையே?" தாளைத் திருப்பினார். பின்பக்கம் காலி. "மீதி எங்க?"

"இன்னும் எழுதலை ஆன்ட்டி."

அவர் பிரபு பக்கம் திரும்பினார். "நீ எதுக்குடா கட்டிக்கற? கதவுக்கா?"

பிரபுவின் காது சிவந்தது. "இல்லம்மா. புடிச்சிருக்கு."

அதுவரை இரண்டு வீட்டிலும் யாரும் வாய்விட்டுச் சொல்லியிராத வார்த்தை. அக்கா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாள்.

"அப்போ சரி," என்று பிரபுவின் அம்மா தாளைப் பெரியப்பாவிடம் நீட்டினார். "யானையை அடிச்சிட்டு, அடிச்ச இடத்துல சின்னதா ஒரு கையெழுத்து போட்டுட்டு, மறுபடி படிங்க."

ஐந்து வருடமாகிறது. அக்காவின் மாமியார் ஞாயிறு தவறாமல் எனக்கு போன் செய்கிறார். நாவல் நாற்பத்து மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறது.

"என்னடி, அவனை உள்ள கூப்பிட்டாளா இல்லையா?"

"இல்ல ஆன்ட்டி, நடுவுல போர் வந்துடுச்சு."

"உனக்கு எப்பவும் போர்தான். இங்க உங்கக்காவுக்கு ரெண்டு புள்ளைங்க ஆயாச்சு."