இன்னாத்துக்கு சார்

கடவுளைக் கும்பிட்டவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு, இல்லவே இல்லை என்று மேடை போட்டுச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் கடவுளே நேரில் வந்து நின்றாலும், "உட்காருங்க, ஒரு பத்து கேள்விதானுங்க" என்று படிவத்தை நீட்டக்கூடிய மனிதரை இந்தப் பூமியில் பழவேற்காடு ஒன்றுதான் பார்த்திருக்கிறது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியும். ஆராய்ச்சியின் முகப்புப் பக்கத்தில் அதை நாலு தடவை தப்பாக அடித்தவன் நான்தான். ஊருக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. ஊர் வைத்த பெயர் 'இன்னாத்துக்கு சார்'.

கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். மனிதர்களுக்கு மதம் ஏன் வந்தது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க வந்திருந்தார். முதல் வாரம் கண்ணில் பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, "இதை எதுக்குங்க செய்யறீங்க?" என்று கேட்டார். அந்த மரியாதையைப் பார்த்தே ஜனம் மிரண்டுவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர் அவ்வளவு மரியாதையாகப் பேசினால் ஏதோ கையெழுத்து வாங்கப் போகிறார் என்று அர்த்தம்.

"சார், இங்க 'இன்னாத்துக்கு'னு கேளுங்க, கொட்டிடுவாங்க" என்று யோசனை சொன்னது நான். அந்தப் பாவம் என்னைச் சேரும். அதன் பிறகு அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தவனைக்கூட விடவில்லை.

அப்போது பஜாரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. உள்ளே ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், நான். மூன்றில் மிஷின் மட்டும் கொஞ்சம் வேலை செய்யும். கடைக்கு மேலே இருந்த அறையில் சார் குடியிருந்தார். காலையில் கேள்வி கேட்கப் போவார், மதியம் வந்து சொல்வார், நான் தட்டச்சு செய்வேன். கட்டடம் காதர் பாயுடையது. பாயின் முன்னோர்கள் டச்சுக்காரர்களோடு துணி வியாபாரம் செய்தவர்கள். பாய் எங்களோடு அரட்டை வியாபாரம் செய்தார்.

சாருக்கு ஒரே ஒரு கவலை. ஏழு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி அது. எங்கள் ஊருக்கு வந்த எட்டாம் மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாவிட்டால் கல்லூரியில் அவர் பார்த்துக்கொண்டிருந்த தற்காலிக வேலையும் போய்விடும். இதை அவர் சொல்லும்போதெல்லாம் இடது கண் துடிக்கும். எங்கள் தெருவில் அதற்கே பரிகாரம் உண்டு, அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அவரிடம் நாலு நோட்டுகள் இருந்தன. நாலும் நாலு சாஸ்திரம். பச்சை நோட்டு சமூகவியல்: சாமி என்று நாம் கும்பிடுவது உண்மையில் நம் ஊரைத்தான். இதை அவர் காதர் பாயிடம் விளக்கினார்.

பாய் தெருவை ஒரு முறை பார்த்தார். "இந்த ஊரையா சார்? நேத்து பஸ்ஸே வர்ல. மூணு நாளா குழாயில தண்ணி வர்ல. இத்த எவன் சார் கும்பிடுவான்?"

சிவப்பு நோட்டு உளவியல்: சின்ன வயதில் அப்பாவிடம் இருந்த பயம்தான் பெரியவனானதும் சாமியாகிறது. இதற்கு மாட்டியவர் லோகு. கடலுக்கும் போவார், ஏரியிலும் வலை கட்டுவார், எங்கே இருந்தாலும் வாய் மூடாது.

"சின்ன வயசுல உங்க அப்பாவைக் கண்டா பயமுங்களா?"

"எங்க நைனாவா? அவுரே எங்கம்மாவப் பார்த்தா படகுக்கு அடில பூந்துக்குவாரு சார்."

"அப்ப சாமி?"

"அதான் சார் எங்க குப்பத்துல அம்மன் கோயிலு!"

சார் சிவப்பு நோட்டை மூடிவைத்தார்.

மஞ்சள் நோட்டு தத்துவம். சாமி இருக்கிறதா என்று நிரூபிக்க முடியாது, ஆனால் நம்பி வைத்தால் நஷ்டமில்லை என்கிற மாதிரி ஏதோ. அதைத் தட்டச்சு செய்யும்போதே நான் தூங்கிவிட்டதால் மேற்கொண்டு விவரம் தெரியவில்லை.

அவருடைய உயிர் நீல நோட்டில் இருந்தது. அது மானுடவியல். எங்கோ தூரத்துத் தீவில் ஒரு வெள்ளைக்காரர் கண்டுபிடித்தாராம்: அமைதியான உள்நீரில் மீன் பிடிக்கிறவனுக்கு மந்திரமும் பூசையும் தேவைப்படாது, அலையடிக்கும் வெளிக்கடலுக்குப் போகிறவனுக்குத்தான் தேவைப்படும். ஆபத்தும் நிச்சயமின்மையும் இருக்கிற இடத்தில்தான் சாமி.

"யோசிச்சுப் பாருங்க! ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். நடுவுல ஊரு. கடவுளே எனக்காகக் கட்டி வச்ச ஆய்வுக்கூடமுங்க இது!" என்றார். கடவுளையே சந்தேகப்படுகிறவர் அவருக்கு நன்றியும் சொன்னதை நான் கவனித்தேன். தட்டச்சு செய்யவில்லை.

ஏரியில் கன்னியம்மா என்று ஒரு பெண். இடுப்பளவு தண்ணீரில் நகர்ந்தபடியே கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பாள். இரண்டு கையும் தண்ணீருக்குள், வாயில் பறி. சார் பேன்ட்டோடு இறங்கி, பக்கத்திலேயே நடந்து பேட்டி எடுத்தார்.

"ஏரியில இறங்கறதுக்கு முன்னால ஏதாச்சும் பூசை செய்வீங்களா?"

"ம்ம்."

"ஆமாங்கறீங்களா, இல்லைங்கறீங்களா?"

"ம்ம்ம்."

அன்று இருபத்திரண்டு 'ம்ம்' பதிவாயின. கரையேறிய பிறகு கேட்டிருக்கலாம். கரையேறினால் அவள் இறால் விற்கப் போய்விடுவாள்.

ஒரு நாள் சார் படியேறாமல் கடைக்குள் பாய்ந்தார். டச்சுக்காரர்கள் கட்டிய பழைய கோட்டைப் பக்கம் மண்ணில் பாதி புதைந்து கிடக்கும் அவர்கள் காலத்துக் கல் ஒன்றின் மேல் கன்னியம்மா மீன்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாளாம். அந்நிய மூதாதையருக்குப் படையல்! பதினோரு பக்கம் சொன்னார், பதினோரு பக்கம் அடித்தேன். மறுநாள் அவளையே கேட்டார்.

"கல்லு நல்லா காயுது. கருவாடு சுருக்கா ஆவுது" என்றாள்.

பதினோரு பக்கமும் கிழிந்தன.

இதையெல்லாம்விட அவரை வாட்டியது ஒரு பதில்தான். வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுவது இன்னாத்துக்கு? "சும்மாதான் சார்." படகு மூக்கில் மஞ்சள் தடவுவது? "சும்மாதான்." படிவத்தில் காரணங்களுக்கு ஏழு கட்டங்கள் போட்டிருந்தார். சும்மாவுக்குக் கட்டம் இல்லை. "சும்மாங்கறது ஒரு காரணமே இல்லீங்க!" என்று என்னிடம் கத்துவார். மனசு வெறுத்தால் டச்சுக் கல்லறைக்குப் போய், வாசலில் செதுக்கியிருக்கும் இரண்டு எலும்புக்கூடுகளுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வார். சும்மா என்று சொல்லாத ஆட்கள் ஊரில் அந்த இரண்டு பேர்தான்.

ஆனாலும் கணக்கெடுப்பு அவர் பக்கம் நின்றது. கடலுக்குப் போகிறவர்களிடம் கற்பூரம், தேங்காய், நேர்த்திக்கடன் எல்லாம் இருந்தன. "ஏரியில?" என்று கேட்டால் லோகு உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். "முட்டிக்கால் தண்ணி சார். அதுல இன்னா சாமி?" எட்டு மாத உழைப்பின் கடைசி வரியை சார் சொல்ல நான் அடித்தேன்: 'ஏரியில் நிச்சயம் உண்டு, ஆகவே சாமி இல்லை.' மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. பொன்னேரியில் பைண்டிங் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் காலையில் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினோம். போகிற வழியில் லோகுவிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று குப்பத்துப் பக்கம் திரும்பினோம். அம்மன் கோயில் முன்னால் ஊரே நின்றது. லோகு நெற்றி நிறையக் குங்குமம். கையில் எலுமிச்சம்பழம். சட்டைப் பையிலிருந்து மாதா கோயில் மெழுகுவர்த்தி எட்டிப் பார்த்தது. தலையில் தர்கா கைக்குட்டை கட்டியிருந்தது.

சார் கட்டைக் கீழே வைத்தார். "லோகு, இது இன்னாத்துக்கு?"

"பாட்டுக்குச் சீட்டு எடுக்கறோம் சார்."

எங்கள் ஏரியில் இறாலுக்கு வலை கட்டுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். எல்லா இடமும் ஒன்றல்ல. ஒரு இடத்தில் வலை கிழியும் அளவுக்கு விழும், இன்னொன்றில் பாசிதான் வரும். அதனால் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அந்தக் காலையில் எங்கள் ஏரியில் இருக்கிற நிச்சயமின்மை வங்காள விரிகுடா முழுவதிலும் கிடையாது.

"ஏரியில சாமி இல்லைன்னு சொன்னீங்களே!"

"ஆமா. ஏரியில இல்ல சார். இது கரை."

"எட்டு மாசமா இதை ஒருத்தரும் சொல்லலையே!"

"ஏரியக் கேட்டீங்க, சொன்னோம். கடலக் கேட்டீங்க, சொன்னோம். சீட்டக் கேட்டீங்களா?"

சார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நானும் இந்த ஊர்க்காரன்தான். பிறந்ததிலிருந்து சீட்டைப் பார்த்தவன்தான்.

"சார், அது சீட்டு சார்" என்றேன். "அதுல இன்னா மதம் கீது?"

அவர் இடது கண் துடித்த வேகத்தில் கண்ணாடி நழுவியது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஏழு வருடம், நாலு நோட்டு, ஒரு வேலை, எல்லாம் அந்த எலுமிச்சம்பழத்தின் கீழே நசுங்கிக் கிடந்தன.

அப்போதுதான் குப்பத்தில் சச்சரவு ஆரம்பித்தது. சீட்டை யார் எடுப்பது? இவன் அவனுக்கு மச்சான், அவன் இவனுக்குப் பங்காளி. யார் கையையும் யாரும் நம்பவில்லை. லோகு குரல் கொடுத்தார்: "சார் எடுக்கட்டும்பா! அவுருக்குத்தான் எந்தச் சாமியும் கெடையாது. ஒரு சாமிக்கும் ஓரவஞ்சனை பண்ண மாட்டாரு!"

ஊர் முழுக்க ஒத்துக்கொண்ட ஒரே தத்துவம் அதுதான். தூக்கி நிறுத்திவிட்டார்கள். சார் சீட்டுகள் போட்டிருந்த குடத்துக்குள் கையை விட்டார். உதடு ஏதோ முணுமுணுத்தது. பக்கத்தில் நின்ற எனக்கு என்னவென்று கேட்கவில்லை, படிவத்தில் இருந்த கேள்வி இல்லை என்பது மட்டும் நிச்சயம். போன தடவை பாசி வாரிய லோகுவுக்கு நல்ல பாடு விழுந்தது.

"ராசியான கைடா!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆளாளுக்கு வலையைக் கொண்டுவந்து அவரைத் தொடச் சொன்னார்கள். ஒருவர் புது இன்ஜினையே தூக்கி வந்தார். மதத்தை ஆராய வந்தவர் ஒரே காலையில் மதமாகவே ஆகிப்போனார்.

அறைக்குத் திரும்பியதும் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாகச் சொல்ல ஆரம்பித்தார். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்த்தது தப்பு, மனிதனுக்கு எங்கே பதறுகிறது என்று பார்த்திருக்க வேண்டும் என்று தொடங்கி அறுபது பக்கம். ஐந்து நாள் அடித்தேன். என் வாழ்க்கையில் தூங்காமல் அடித்த அறுபது பக்கம் அவைதான். படிவத்தில் எட்டாவது கட்டமும் முளைத்தது: சும்மா.

கெடு முடியும் முன்பே கொடுத்துவிட்டார். சில மாதம் கழித்து பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. கிளம்புகிற அன்று சாயங்காலம் கடைக்கு இறங்கி வந்து, மிஷினையே பார்த்தபடி கேட்டார்: "அந்த எலுமிச்சம்பழம் லோகு எங்கீங்க வாங்கறாரு?"

"இன்னாத்துக்கு சார்?"

ஏரியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"சும்மாதானுங்க."

அவருக்குப் பட்டம் கிடைத்தது, இப்போது எங்கோ நிரந்தரப் பேராசிரியர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சஸ்பென்ஸ் வைக்கத் தெரியாது. ஆனால் அந்தத் தேர்வு நாள் காலையில் எனக்கு அது தெரியாது. கடையைப் பூட்டிவிட்டு அம்மன் கோயிலுக்குப் போனேன், மாதா கோயிலுக்குப் போனேன், தர்காவுக்குப் போனேன். குங்குமமும் கைக்குட்டையுமாக ஏரிக்கரை வழியே திரும்பிக்கொண்டிருந்தேன். தண்ணீரில் நின்ற கன்னியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். சார் எட்டு மாதம் கேட்டும் இறக்காத பறியை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா ஜெராக்ஸு, கோலமெல்லாம் பலமா கீது? இன்னாத்துக்கு?"

"சும்மாதான்" என்றேன்.