வெள்ளை வில்லையில் ஒரு பொட்டு

"லைட்டை அணைச்சதும் சிவப்பு எங்கப்பா போவுது?"

மகள் ஜெயக்கொடி சின்னப் பெண்ணாக இருந்தபோது ஓர் இரவு இப்படிக் கேட்டாள். "அது தூங்கப் போயிடுச்சும்மா, நீயும் தூங்கு" என்று சொல்லி லோகநாதன் தப்பித்துக்கொண்டார். பிறகு அஸ்தினாபுரத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பெயிண்ட் தயாரிக்க ஆரம்பித்தார். நாள் முழுக்க நிறங்களோடு மல்லுக்கட்டியும் அதைவிட நல்ல பதில் அவருக்குத் தேவைப்படவில்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷம் தேவைப்பட்டது.

தாம்பரத்தில் இரும்பு பீரோ செய்யும் ஒரு கம்பெனிதான் அவருடைய ஒரே பெரிய வாடிக்கை. அவர்கள் வழக்கமாக வாங்கும் தந்த நிறப் பெயிண்ட் டப்பா ஒருநாள் திரும்பி வந்தது. மேலே ஒரு சீட்டு: 'நிற வேறுபாடு 1.8. ஒன்றுக்கு மேல் ஏற்க இயலாது.' கீழே தரப் பரிசோதனை அதிகாரி வைத்தீஸ்வரனின் கையெழுத்து.

லோகநாதன் போன் செய்தார். "சார், கண்ணால பாத்தா நீங்க குடுத்த மாதிரித் தகடும் இதுவும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"கண்ணு ஏமாத்தும், லோகநாதன். நம்பர் ஏமாத்தாது. கல்யாண சீசன் வருது. சரியாக் குடுக்கலைன்னா வேற பார்ட்டியைப் பாக்கச் சொல்லிடுவார் முதலாளி."

அந்த வாடிக்கை போனால் கொட்டகையைப் பூட்டிவிட்டுச் சாவியை மாட்டி வைக்க வேண்டியதுதான். லோகநாதன் மறுநாளே பல்லாவரம் அத்தாவுல்லா பாயின் குடோனுக்குப் போனார். மூடிய கம்பெனிகளின் சோதனைக் கருவிகளை வாங்கி, தட்டிக் கொட்டிச் சரிசெய்து விற்பவர் பாய்.

"நிறத்துக்கு நம்பர் சொல்ற மிஷின் ஒண்ணு வேணும் பாய்."

"ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். ரெண்டு இருக்கு, பாருங்க."

ஒன்று புதுமணப் பெண் போலப் பளபளத்தது. மற்றொன்று உடம்பெல்லாம் கீறலாக, ரயிலில் வித்தவுட்டில் வந்தது போல் இருந்தது. லோகநாதனின் கை தானாகப் பளபளப்பின் பக்கம் போனது.

"அதுல உடம்பு இருக்கு, மனசாட்சி இல்ல" என்றார் பாய். "உள்ள ஒரு லைட் எரியும் சார். அந்த வெளிச்சம் உங்க தகட்டுல பட்டுத் திரும்பி வரும். அதை வானவில் மாதிரிப் பிரிச்சு, நீலம் எவ்வளவு திரும்புச்சு, மஞ்சள் எவ்வளவு திரும்புச்சுன்னு அளக்கும். முழுசாத் திரும்பறதுன்னா எவ்வளவுன்னு அதுக்குத் தெரிய வேணாமா? அதுக்குத்தான் இந்த வெள்ளை வில்லை. தினம் காலையில முதல்ல இதைக் காட்டணும். இதை வச்சுத்தான் அது உலகத்தையே அளக்குது. பளபளப்பா இருக்கறதோட வில்லையை எவனோ தொலைச்சுட்டு, அதுக்குப் பதிலா பாத்ரூம் டைல்ஸை உடைச்சு வச்சிருக்கான்."

"கீறல் விழுந்ததுல?"

"வில்லையில இருக்கற நம்பரும் மிஷின் முதுகுல இருக்கற நம்பரும் ஒண்ணு. ஒரே தகட்டைத் திரும்பத் திரும்ப வச்சுப் பாருங்க, நம்பர் அலையுதான்னு."

லோகநாதன் வைத்துப் பார்த்தார். அலையவில்லை. மனைவி தையல்நாயகியின் வளையல்கள் கீறல் விழுந்த மிஷினாக மாறி அஸ்தினாபுரம் வந்து சேர்ந்தன.

கம்பெனி கொடுத்திருந்த மாதிரித் தகட்டை அன்றைக்கே அளந்து மிஷினின் நினைவில் ஏற்றினார். பிறகு திரும்பி வந்த பெயிண்டை ஒரு தகட்டில் பூசி, காய்ந்ததும் வைத்தார். மிஷின் 0.3 என்றது.

"பொருத்தமாத்தான் இருக்குன்னு சொல்லுது!" என்றான் பெயிண்ட் கலக்கும் தயாளன்.

"அதெப்படி? அங்க ஒண்ணு புள்ளி எட்டு வந்துதே. பாய் ஏமாத்திட்டாரா?"

தையல்நாயகி முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்தாள். "ஏங்க, வாசல்ல எறக்கின மிஷினுக்கு ஒரு சூடம்கூடக் காட்டாம வேலை வாங்கினா அது எப்படிங்க உண்மையைச் சொல்லும்?"

நியாயமாகத்தான் பட்டது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. தையல்நாயகி எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டினாள். பொட்டு வைக்க இடம் தேடினாள். கீறலும் அழுக்குமாக இருந்த மிஷினில் சுத்தமாக, வழவழவென்று, வெள்ளைவெளேரென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். வில்லையின் நடுவில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் இட்டாள்.

லோகநாதன் அந்த வில்லையைப் பயபக்தியோடு மிஷினுக்குக் காட்டினார். பிறகு பெயிண்டை வைத்தார். 1.9.

"பாத்தியா!" என்று துள்ளினார். "இப்பதான் வழிக்கு வந்துது. மஞ்சள் குறையுதாம். ஊத்துறா தயாளா."

தயாளன் திரும்பி வந்த பெயிண்டில் பாதியை வேறு டப்பாவில் பிரித்து, அதில் மஞ்சள் சாயத்தை ஊற்றினான். வேறுபாடு கொஞ்சம் குறைந்தது. முழுக்கக் குறையவில்லை.

"ஒரு பூசை பத்தலையோ என்னவோ" என்றாள் தையல்நாயகி. சனிக்கிழமை சந்தனத்தைத் தாராளமாகப் பூசினாள். மிஷின் இரண்டரைக்கு ஏறி, இன்னும் மஞ்சள் கேட்டது, கூடவே கொஞ்சம் சிவப்பும் கேட்டது. ஊற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை வில்லையில் வெள்ளை தெரிந்த இடம் ஓரத்தில் மட்டும்தான்.

"மொதலாளி, இது மஞ்சளா கீது" என்றான் தயாளன், டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து.

"கண்ணு ஏமாத்தும்டா."

"சாம்பார் மாதிரி கீது மொதலாளி."

"நம்பர் ஏமாத்தாது. ஊத்து."

திங்கட்கிழமை மிஷின் 0.2 என்று ஒப்புக்கொண்டது. லோகநாதன் மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டப்பாவை அனுப்பினார்.

சாயந்திரமே போன் வந்தது. "என்னய்யா, பீரோவுக்குப் பெயிண்ட் கேட்டா மாம்பழ ஜூஸ் அனுப்பியிருக்கியாமே?" என்றார் வைத்தீஸ்வரன். "முதலாளி கொதிக்கறார். புதன்கிழமை வேன் வரும். அதுக்குள்ள சரியான டப்பா இல்லைன்னா, வேற பார்ட்டிதான். என்னால அதுக்கு மேல தடுக்க முடியாது."

லோகநாதன் ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் அத்தாவுல்லா பாயைக் கையோடு கூட்டி வந்தார்.

"வில்லையைக் காட்டுங்க" என்றார் பாய். பார்த்தார். அடக்கிய சிரிப்பில் அவருடைய தாடி லேசாகக் குலுங்கியது.

"சந்தனத்தைக் காட்டி, இதுதான் வெள்ளைன்னு சொல்லியிருக்கீங்க. அதுவும் பாவம், பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிடுச்சு. சந்தனமே வெள்ளைன்னா, அப்புறம் எதைக் காட்டினாலும் அதுக்கு நீலமாத்தானே தெரியும்?"

"துடைச்சுடுங்க பாய்!"

பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் தொட மாட்டேன் சார். அது அம்மா சாமிக்குன்னு வச்சது. அவங்களே எடுக்கட்டும். பொட்டை மிஷினோட மூடி மேல வச்சுக்கங்கம்மா, அது ஒண்ணும் கோவிச்சுக்காது."

தையல்நாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் வில்லையைத் துடைத்தாள். லோகநாதன் முதன்முதலில் திரும்பி வந்த அதே பழைய பெயிண்டை மறுபடி வைத்தார். 0.3. இன்னொரு முறை. 0.3.

பெயிண்ட் ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. அப்படியானால் அந்த 1.8?

புதன்கிழமை வேனில் கம்பெனி பியூன் முனிரத்தினம் வந்தார். டப்பாவைத் தூக்கக் குனிந்தவர், மேஜையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அட! நம்ம ஆளு இங்கதான் குந்திகினு கீறாரா?"

"யாரு?"

"இந்த மிஷினுதான் சார். எங்க கம்பெனிதுதான். ஒரு காலு ஆடும், நான்தான் சோடா மூடி சொருவி வச்சேன். போன வருசமே மொதலாளி வித்துட்டாரு."

லோகநாதன் மிஷினின் அடியில் பார்த்தார். சோடா மூடி இருந்தது. "அப்போ வைத்தீஸ்வரன் சார் அனுப்பற நம்பரெல்லாம்?"

முனிரத்தினம் வாசலைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "ஆராண்டையும் சொல்லாத சார். அவுருக்கு ரெண்டு கண்லயும் பொரை வுழுந்துடுச்சு. பொண்ணு கல்யாணம் முடியங்காட்டியும் வேலை போயிடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுகினு கீறாரு. ஒனக்கு மொத தபா டப்பா திரும்பி வந்துச்சே, அப்ப எனக்கு அம்மை சார், வூட்ல படுத்துகினு இருந்தேன். அவுரே பாத்து ஒரு நம்பரப் போட்டுட்டாரு. மத்த நாள்லாம் நான் பாத்துச் சொல்றதுதான் நம்பரு, எங்க கம்பெனிக்கு மிஷினே நான்தான் சார்!"

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் பானைப் பக்கம் போனார்.

லோகநாதன் டப்பாவின் மூடியைத் திறந்தார். பெயிண்ட் டப்பாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக அலைந்த காலத்தில், எல்லோரும் வாசலிலேயே திருப்பி அனுப்பியபோது, "வச்சுட்டுப் போப்பா, பாக்கலாம்" என்று சொன்ன ஒரே மனிதர் வைத்தீஸ்வரன்தான். அதற்கு ஒரு காபிகூட வாங்கிக்கொண்டதில்லை.

லோகநாதன் மிஷினில் இன்னொரு முறை அளந்து, நம்பரைக் கொட்டை எழுத்தில், புரை விழுந்த கண்ணுக்கும் தெரியும்படி ஒரு சீட்டில் எழுதினார். தன் பெயரையோ கம்பெனியின் பெயரையோ போடவில்லை. வைத்தீஸ்வரன் கையெழுத்துப் போட அடியில் இடம் விட்டார். சீட்டை மடித்து, பாலிதீன் பையில் சுற்றி, டப்பா மூடியின் உள்பக்கம் செருகி, மூடியைத் தட்டி இறுக்கினார்.

முனிரத்தினம் இரண்டாவது சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.